கூப்பிடாமல் வந்த படங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கோடை விடுமுறை முழுக்க வெயிலில் ஆடித் திரிந்த பாதம் என்றால், வார் இருந்த இடம் மட்டும் வெளுத்தும் மற்ற இடமெல்லாம் கறுத்தும் இருக்கும். வார் குறுக்காகப் போனதா, கட்டைவிரலைச் சுற்றி வளைந்ததா, எவ்வளவு அகலம் என்பதெல்லாம் தெரியும். செருப்பைப் பார்க்காமலே அது என்ன மாடல் என்று சொல்லிவிடலாம்.

அது ஒரு புகைப்படம். எடுத்தது சூரியன், பிலிம் உங்கள் தோல்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெயில் பட்டால் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகமாக உண்டாகிறது. வார் மறைத்த இடத்தில் அப்படி உண்டாவதில்லை. ஒளி பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் வேறு மாதிரி. பிலிம் கேமராவும் இதைத்தான் செய்தது, கொஞ்சம் சீக்கிரமாக. பல வருஷம் ஒரே ஆணியில் தொங்கிய காலண்டரை எடுத்தால், அடியில் சுவர் புதிதாகப் பெயிண்ட் அடித்ததுபோல் நீள்சதுரமாகத் தெரியும். அதில் புகைக்கும் தூசிக்கும் பங்கு உண்டு என்றாலும், வெளிச்சமும் வேலை செய்திருக்கிறது.

இப்படி யாரும் கேட்காமலே, கேமரா இல்லாமலே, தானாக விழுந்த படங்கள் உலகத்தில் நிறைய உண்டு. சில படங்கள் ஒரு நொடி விழுந்து மறைந்துவிடும். சில படங்கள் தங்கிவிடும். அப்படித் தங்கியவற்றில் ஒன்றிரண்டு, அறிவியலையே புரட்டிப் போட்டிருக்கின்றன.

முதலில், தங்காத படம். நல்ல வெயில் நேரத்தில் ஒரு வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நின்று தரையைப் பாருங்கள். நிழலுக்கு நடுவே வெளிச்சப் பொட்டுகள் சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் வட்டம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக வருவதால் முட்டை வடிவம். இப்போது நிமிர்ந்து, சூரியன் இல்லாத பக்கமாக, இலைகளுக்கு இடையே உள்ள சந்துகளைப் பாருங்கள். ஒன்றாவது வட்டமாக இருக்கிறதா? முக்கோணம், கீற்று, கோணல்மாணல் என்று ஆளுக்கொரு வடிவம். கோணலான சந்துக்குள் நுழைந்த வெளிச்சம் தரைக்கு வரும்போது எப்படி வட்டமானது?

ரொம்பப் பழைய கேள்வி இது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஒரு கேள்வித் தொகுப்பிலேயே இருக்கிறது. பின்னிய கூடையின் சந்துகள் நாற்கோணமாக இருக்க, அவற்றின் வழியே வரும் வெயில் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது என்று அதில் கேட்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம், கிரகண நேரத்தில் சிறு ஓட்டை வழியே விழும் பிறை வடிவ வெளிச்சத்தை ஆராய்ந்தார். ஓட்டை பெரிதானால் பிறை காணாமல் போவதையும் கவனித்தார். ஆனாலும், எல்லாருக்கும் புரிகிற மாதிரி விஷயத்தை உடைத்துக் காட்டியவர் கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளர்தான். 1604-ல் வந்த அவருடைய ஒளியியல் நூலில் அந்தச் சோதனை இருக்கிறது. நீங்களும் செய்யலாம். அதற்கு வெயில்கூட வேண்டாம்.

அவர் ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்தார். சூரியனுக்குப் பதில் புத்தகம். அதற்கும் தரைக்கும் நடுவே, பல மூலைகள் கொண்ட ஓட்டை போட்ட ஒரு பலகை. புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டை வழியாகத் தரைவரை விறைப்பாக இழுத்தார். ஒளிக்கதிர் நேர்கோட்டில் போகும், விறைத்த நூலும் அப்படியே. நூல் ஓட்டையின் விளிம்பை உரசியபடி ஒரு சுற்று வர, அதன் நுனி தரையில் போன வழியை வரைந்துகொண்டார். என்ன வடிவம் வந்திருக்கும்? ஓட்டையின் வடிவம். பிறகு நூலை அடுத்த மூலைக்கு மாற்றினார். தரையில் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓட்டை வடிவம். இப்படிப் புத்தகத்தின் விளிம்பு முழுக்க ஒவ்வொரு புள்ளியாகச் செய்துகொண்டே போனால், தரையில் ஓட்டை வடிவங்கள் வரிசை கட்டி நின்று, மொத்தமாகப் பார்க்கும்போது புத்தகத்தின் வடிவம் வந்துவிட்டது!

மரத்தடியிலும் அதுதான் நடக்கிறது. சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஒரு குட்டிச் சந்து வடிவத்தைப் போடுகிறது. அந்தக் குட்டி வடிவங்கள் எல்லாம் சேர்ந்து சூரியனைப் போலவே வட்டமாக அணிவகுக்கின்றன. தரை போதிய தூரத்தில் இருந்தால், சந்தின் கோணல் அந்த வட்டத்துக்குள் கரைந்துவிடும். ஆக, மரத்தடியில் நீங்கள் மிதித்துக்கொண்டு நிற்கும் பொட்டு வெறும் வெளிச்சம் இல்லை. சூரியனின் படம்.

நம்பிக்கை வரவில்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியனின் விட்டம் சுமார் 13.9 லட்சம் கிலோமீட்டர். அது நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தூரத்தை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 108. வீட்டிலிருக்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஒரு தாளை ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சதுரமாக மட்டும் வெட்டி எடுங்கள். அதை வெயிலில் பிடித்து, நிழலாக உள்ள சுவரில் வெளிச்சத்தை அடியுங்கள். சுவர் பக்கத்தில் இருந்தால் பொட்டு சதுரம். பின்னாலேயே நகர்ந்து போங்கள். மூலைகள் மழுங்கி, மழுங்கி, வட்டமாகிவிடும். சுவருக்கும் கண்ணாடிக்கும் 10.8 மீட்டர் இருந்தால், அதை அதே 108-ஆல் வகுத்ததுபோல் வட்டம் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் இருக்கும். ஓரம் கலங்கலாகத் தெரிவதால் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே வரலாம். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று, ஒரு ஸ்கேலை வைத்துச் சூரியனை அளந்துவிட்டீர்கள். கண்ணாடி வெளிச்சத்தை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. சூரியனையும் நேராகப் பார்க்கக் கூடாது, கிரகணத்தின்போது கண்டிப்பாகக் கூடாது.

கிரகணம் என்றதும் 2019 டிசம்பர் 26 நினைவுக்கு வருகிறது. அன்று காலை கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரத்திலும் இலங்கையின் வடக்கிலும் வளையச் சூரிய கிரகணம். மரத்தடிப் பொட்டுகள் சூரியனின் படம்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நிலா சூரியனைக் கடிக்கக் கடிக்க, தரையில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொட்டுகளும் ஒரே நேரத்தில் பிறையாகும். வளையம் வரும் நிமிடங்களில் எல்லாம் வளையலாகிவிடும். மரம் இல்லாதவர்கள் அடுப்படியிலிருந்து ஜல்லிக்கரண்டியை எடுத்து வந்து வெயிலில் பிடித்தால் போதும், ஓட்டைக்கு ஒரு பிறை விழும். 2031 மே 21 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென் பகுதியிலும் மறுபடி வளையக் கிரகணம் வருகிறது. கரண்டியைத் தயாராக வையுங்கள்.

சூரியன் மட்டும்தான் இப்படிப் படமாகுமா? வெளிச்சத்தில் இருக்கும் எதுவும் ஆகும். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் கதவு, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது, சாவித் துவாரத்துக்கு எதிர்ச் சுவரை உற்றுப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். மங்கலாக ஏதோ நகரும். அது நிழல் என்று நினைப்பீர்கள், ஆனால் நிழலுக்கு நிறம் கிடையாது. இதிலோ தெருவில் போகிறவரின் சிவப்புப் புடவை சிவப்பாகவே தெரியும். சைக்கிள் சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு போகும். மேலிருந்து வரும் கதிர் துவாரத்தின் வழியே கீழேயும், கீழிருந்து வருவது மேலேயும் போவதால் எல்லாம் தலைகீழ். கர்நாடகத்தின் ஹம்பியில், விருபாட்சர் கோயிலுக்குப் போனால் இதையே பிரமாண்டமாகப் பார்க்கலாம். ஏறத்தாழ 50 மீட்டர் உயர ராஜகோபுரம், ஒரு சிறு திறப்பின் வழியே உள்ளே நுழைந்து, இருட்டறைச் சுவரில் தலைகீழாகத் தொங்குகிறது.

சரி, விழுந்த படத்தைப் பிடித்து வைப்பது எப்படி? அதற்கான வழியும் ஒரு தற்செயலில்தான் தட்டுப்பட்டது.

ஜெர்மனியைச் சேர்ந்த யோகான் ஹைன்ரிக் ஷுல்ஸே, 1717 வாக்கில் வேறு ஏதோ செய்யப் போனார். இருட்டில் ஒளிரும் ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகச் சுண்ணாம்புக்கட்டியில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றினார். அந்த அமிலத்தில் முன்பே கொஞ்சம் வெள்ளி கரைந்திருந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், வெயில் பட்ட பக்கம் கரும் ஊதாவாக மாறிக் கிடக்கிறது. மறுபக்கம் வெள்ளையாகவே இருக்கிறது!

வெயில் என்றால் ஒளியும் உண்டு, சூடும் உண்டு. யார் செய்த வேலை இது? கலவையை நெருப்பருகே வைத்துச் சூடாக்கினார். நிறம் மாறவில்லை. சூடு இல்லை என்று ஆயிற்று. வெள்ளி கலக்காத அமிலத்தில் செய்து பார்த்தார். அதுவும் மாறவில்லை. அப்படியானால் ஒளியும் வெள்ளியும் சேர்ந்து செய்த வேலை. பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தாளில் எழுத்துகளை வெட்டி எடுத்து, அந்தத் தாளைக் கலவை இருந்த பாட்டிலைச் சுற்றி ஒட்டி, வெயிலில் வைத்தார். தாளை உரித்தால், உள்ளே சுண்ணாம்பின் மேல் வெயில் எழுதிய கறுப்பு எழுத்துகள்! பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கினால் எல்லாம் கலந்து மறைந்துவிடும். மறுபடி எழுதலாம். வெயில் எழுதும் சிலேட்டு.

நிலையான படத்துக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சின் நிசெஃபோர் நீப்ஸ், 1826-27 வாக்கில், ஒருவகைத் தாரைப் பூசிய உலோகத் தகட்டைக் கேமரா பெட்டிக்குள் வைத்துத் தன் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் திருப்பினார். ஒளி பட்ட இடத்தில் அந்தத் தார் இறுகிவிடும். படாத இடத்தைக் கழுவி எடுத்துவிடலாம். குறைந்தது எட்டு மணி நேரம் வெளிச்சம் காட்டினார். அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்ந்துவிட்டது. அதனால் அந்தப் படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டின் மேலும் வெயில் அடிக்கிறது. எந்த மனிதக் கண்ணும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத காட்சி. இப்போதும் இருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது இதுதான்.

1838-ல் லூயி டகேர், பாரிஸில் பூல்வார் து தாம்ப்ள் என்ற சாலையைப் படம் எடுத்தார். வண்டியும் குதிரையும் ஆளுமாக நெரியும் சாலை. படத்திலோ ஊரே காலி! சில நிமிடங்கள் தகட்டுக்கு ஒளி காட்ட வேண்டியிருந்ததால், நகர்ந்த எதுவும் பதியவில்லை. ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடவிட்டு நின்றிருந்தார். அசையாமல் நின்றதால் அவர் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் தெரியும் முதல் மனிதர்களில் ஒருவர். தாம் படமாகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒளி எடுத்த படங்கள். 1890 பிப்ரவரி 22, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். பேராசிரியர் ஆர்தர் குட்ஸ்பீடும் புகைப்படக்காரர் வில்லியம் ஜென்னிங்ஸும் மின்பொறிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தது. மேசையில், இன்னும் வெளிச்சம் காட்டாத கண்ணாடித் தகடுகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் இரண்டு காசுகள். கிளம்பும் முன் குட்ஸ்பீடு, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்களில் மின்சாரம் பாய்ச்சி நண்பருக்கு வேடிக்கை காட்டினார். பிறகு தகடுகளைக் கழுவிப் பார்த்தால், ஒன்றில் இரண்டு வட்ட நிழல்கள். தகட்டுக்கு வெளிச்சமே காட்டவில்லை, நிழல் மட்டும் எங்கிருந்து வந்தது? காரணம் பிடிபடவில்லை. பழுதான தகடுகளோடு அதையும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

அடுத்து ஆறு வருஷம் அது அப்படியே கிடந்தது. 1895-ன் கடைசியில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அதே மாதிரிக் கண்ணாடிக் குழாயிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கதிர். செய்தி கேட்ட இருவரும் பழைய தகட்டைத் தேடி எடுத்தார்கள். எக்ஸ்-கதிர் எடுத்த படம் ஆறு வருஷமாகக் கையில் இருந்திருக்கிறது! கண்டுபிடித்த பெருமை தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த நேர்மையை மெச்ச வேண்டும். ரான்ட்கனுக்கு 1901-ல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்-கதிர்ச் செய்தியே பாரிஸில் ஆன்றி பெக்கெரல் என்பவரையும் உசுப்பிவிட்டது. சில பொருள்கள் வெயிலில் வைத்தால் ஒளிரும். அப்படி ஒளிரும்போது எக்ஸ்-கதிரும் வருமோ என்பது அவர் சந்தேகம். புகைப்படத் தகட்டைத் தடிமனான கறுப்புத் தாளில் பொதிந்தார், அதன் மேல் யுரேனிய உப்பை வைத்தார், வெயிலில் காட்டினார். தகட்டில் உப்பின் நிழலுருவம் விழுந்தது. நினைத்தது சரி என்று பட்டது. 1896 பிப்ரவரி 26, 27 தேதிகளில் மறுபடி தகடுகளைத் தயார் செய்தார். இந்தத் தடவை ஒரு தகட்டுக்கும் உப்புக்கும் நடுவே செம்பில் வெட்டிய சிலுவை ஒன்றும் இருந்தது. ஆனால் வானம் மூடிக்கொண்டது. வெயில் எப்போதாவது எட்டிப் பார்த்ததோடு சரி. எல்லாவற்றையும் அப்படியே மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டார்.

மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. வெயில் இன்னும் வந்தபாடில்லை. பெக்கெரல் அந்தத் தகடுகளை எடுத்துக் கழுவினார். வெயில் சரியாகப் படாததால் மங்கலாக ஏதாவது தெரியும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்ததோ, அழுத்தமான கறுப்புத் திட்டுகள். சிலுவையின் நிழலும் இருந்தது. இருட்டு இழுப்பறைக்குள் நிழல்! உப்பு வெயிலுக்காகக் காத்திருக்கவே இல்லை. தன்னிடமிருந்தே கதிரை விட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொல்லிவிட்டார். கதிரியக்கம் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். 1903-ல் மேரி கியூரி, பியர் கியூரி தம்பதியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மேகம் வந்தது அதிர்ஷ்டம் என்று இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. யுரேனிய உப்பு தகட்டைக் கறுக்க வைப்பதை, நீப்ஸின் உறவினரான நீப்ஸ் த சாங்-விக்டர் 1857 வாக்கிலேயே பார்த்திருக்கிறார். மேகம் எல்லார் ஊரிலும் வரும். வெயில் படாத தகட்டில் ஒன்றும் இருக்காது என்று தூக்கிப் போடாமல், எதற்கும் கழுவிப் பார்ப்போம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொரு கறுப்புப் பொட்டுக் கதையும் உண்டு. 1945-ல் கோடக் நிறுவனத்தின் எக்ஸ்-ரே பிலிம்களில், பெட்டியைப் பிரிக்கும் முன்பே கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. அங்கிருந்த ஜூலியன் வெப் என்ற இயற்பியலாளர் துப்புத் துலக்கினார். குற்றவாளி, பிலிமுக்கு அடியில் வைத்த வைக்கோல் அட்டை. அதில் கதிரியக்கத் துகள்கள் இருந்தன. அட்டை செய்த ஆலை, ஆற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஆலை. அந்த ஆற்றுக்குத் துகள்கள் எங்கிருந்து வந்தன? 1945 ஜூலை 16 அன்று, 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் மிக ரகசியமாக வெடித்த உலகின் முதல் அணுகுண்டிலிருந்து. காற்றில் வந்து, மழையில் இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டைக்குள் புகுந்து, பிலிமில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெப்பின் ஆய்வுக் கட்டுரை 1949-ல்தான் வெளிவந்தது.

நீங்கள் படம் பிடிக்க யுரேனியமும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். மஞ்சள்தூள் போதும். குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையைத் துவைத்து வெயிலில் போட்டால் மஞ்சள் கறை போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின், வெயிலில் சிதைந்து வெளுத்துவிடும். பூச்சாறும் இலைச்சாறும் இப்படி ஒளியில் வெளுப்பதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842-லேயே எழுதியிருக்கிறார்.

வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கலக்குங்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே போகக் கூடாது. தெளிந்ததும் துணியில் வடிகட்டி, கெட்டியான வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் பூசி, நிழலில் காயவிடுங்கள். மேலே ஒரு பப்பாளி இலையையோ சாவியையோ வையுங்கள். இலை என்றால் படிந்து கிடக்க மேலே ஒரு கண்ணாடி வேண்டும், போட்டோ பிரேம் கண்ணாடி போதும். அப்படியே மொட்டை மாடி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம். எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் வெளுத்து, இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும்.

இனிதான் வேடிக்கை. ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவப்பாகிறது என்று தெரியுமல்லவா? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். காரத்தன்மை உள்ள எதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், நாம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தாளின் மேல் லேசாகப் பூசுவோம். வெளுத்த இடம் அவ்வளவாக மாறாது. இலையின் உருவம் செம்பழுப்பாக எழுந்து வரும்.

இந்தப் படத்தை நிலையாக்க வழியில்லை. வெளிச்சத்தில் வைத்தால் இலையும் வெளுத்துவிடும், ஆகவே நோட்டுக்குள் வைத்து மூடிவிடுங்கள். எவ்வளவு நேரம் வெயில் காட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஒரே தாளை நான்காக வெட்டி, ஒரு மணி நேரம், இரண்டு, மூன்று, நான்கு என்று தனித்தனியாகக் காட்டிப் பாருங்கள். துண்டுகளின் பின்பக்கம் பென்சிலால் நேரத்தைக் குறித்துவிடுங்கள். சோடா பூசிக் காய்ந்த பிறகு எது எத்தனை மணித் துண்டு என்று குழம்பிவிடும்.